ஆல்-இன்-ஒன்னா, தனி மானிட்டரா? செம்பூர் வீட்டில் இரண்டும் ஓடிய அனுபவம்

மும்பை செம்பூரில் எங்கள் வீட்டில் 2018ஆம் ஆண்டு முதல் இரண்டு கணினிகள். கூடத்தில் 24 அங்குல ஆல்-இன்-ஒன், அதாவது திரைக்குள்ளேயே முழுக் கணினியும் அடங்கியது. மகளின் படிப்புக்கும், அத்தை, அதாவது என் மாமியார், நாக்பூரில் இருக்கும் நாத்தனார் வீட்டாரோடு முகம் பார்த்துப் பேசுவதற்கும். படுக்கையறை மூலையில் லாமிங்டன் சாலையில் பாகங்கள் வாங்கி அசெம்பிள் செய்த டெஸ்க்டாப். டேலியில் கணக்கு எழுதுவதும் ஜிஎஸ்டி தாக்கல் செய்வதுமாகிய என் பிழைப்புக்கு. இரண்டுக்கும் அன்று ஆன செலவு தனித்தனியே நாற்பதாயிரத்தைச் சுற்றித்தான். ஒரே மின்சாரம், ஒரே தூசி, ஒரே மழைக்கால ஈரம். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது.

முதலில் ஆல்-இன்-ஒன்னுக்கு உரிய நியாயத்தைச் செய்துவிடுகிறேன். மும்பையில் ஒரு படுக்கையறை வீட்டில் குடியிருப்பவர்களுக்கு மேசையில் அரை அடி இடம் என்றால் என்னவென்று தெரியும். திரை, கேமரா, மைக், ஒலிபெருக்கி எல்லாம் ஒரே உடம்பில். பின்னால் ஓர் அடாப்டர் வயர், அவ்வளவுதான். அத்தைக்கு அதுதான் பிடித்தது. என் டெஸ்க்டாப்பில் யுபிஎஸ், கேபினெட், மானிட்டர் என்று மூன்று பொத்தான்களை வரிசையாக அழுத்த வேண்டும்; அவருக்கு ஒன்றே ஒன்று. குறை என்று அவர் சொன்னது திரையின் உயரம் மட்டுமே. முன்னும் பின்னும் சாய்க்கலாம், மேலே தூக்க முடியாது. கல்யாணத்துக்கு வாங்கிய மணைப்பலகையை அடியில் வைத்து அவரே அதைச் சரிசெய்துகொண்டார். நடுக்கூடத்தில் மணையில் அமர்ந்த கணினியைப் பார்த்து விருந்தினர்கள் சிரிப்பார்கள்; கழுத்து வலி போனதே, அது போதாதா?

ஆனால் அதே பணத்துக்கு உள்ளே என்ன கிடைத்தது என்று பார்த்தால் கணக்கு வேறு. ஆல்-இன்-ஒன்னில் இருந்தது ஐ3-7100யூ, மடிக்கணினிகளுக்கென்று செய்த இரண்டு கோர், 15 வாட் பிராசசர். என் கேபினெட்டில் ஐ5-8400, ஆறு கோர், 65 வாட். மெல்லிய உடம்புக்குள் அதிக வெப்பத்தை வெளியேற்ற இடம் கிடையாது. ஆகவே பெரும்பாலான ஆல்-இன்-ஒன்களின் உள்ளே இருப்பது மடிக்கணினியின் உறுப்புகள்தாம். பெரிய திரையைப் பார்த்துப் பெரிய கணினி என்று நினைத்துவிடக் கூடாது. பிராசசரை மதர்போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், பின்னாளில் மாற்ற வழியில்லை.

மடிக்கணினி உறுப்புகள் என்றதும் பேட்டரியும் இருக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். 2020 அக்டோபர் 12ஆம் தேதி காலை மும்பை முழுவதும் மின்சாரம் போனதே, மின்சார ரயில்கள்கூட நடுவழியில் நின்றனவே, அன்று மகளுக்கு ஆன்லைன் வகுப்பு. ஆல்-இன்-ஒன் பட்டென்று அணைந்தது. இங்கே மின்வெட்டு அபூர்வம் என்பதால் அதற்கு யுபிஎஸ் வாங்காமல் விட்டிருந்தோம். அன்று மாலையே வாங்கிவிட்டோம். ஒன்று சொல்ல வேண்டும்: மின்சாரம் குறைவாகக் குடிப்பதால் அதே 600 விஏ யுபிஎஸ்ஸில் என் டெஸ்க்டாப்பைவிட அது நெடுநேரம் தாக்குப்பிடிக்கும்.

பழுது பார்ப்பதில்தான் உண்மையான வேறுபாடு தெரிந்தது. மழைக்காலத்தில் என் டெஸ்க்டாப் சில நாட்கள் திரையில் எதையும் காட்டாது. பக்கவாட்டுத் தகடு இரண்டு திருகாணிகளில் கழன்றுவிடும். ராமைப் பிடுங்கி, அதன் பொன்னிற விளிம்பைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, துகளை ஊதிவிட்டு மறுபடி செருகினால் உயிர் வந்துவிடும். ஒருமுறை உள்ளே மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் போயிற்று. அதை மட்டும் கழற்றி ஜவுளிக்கடைப் பையில் போட்டுக்கொண்டு, குர்லாவிலும் தாதரிலும் ரயில் மாறி, கிராண்ட் ரோடில் இறங்கி, லாமிங்டன் சாலையில் வேறொன்று வாங்கி, சமையலுக்கு முன்பே வீடு திரும்பிவிட்டேன். வேறு எந்த பாகத்தையும் தொட வேண்டியிருக்கவில்லை.

ஆல்-இன்-ஒன்னுக்கு என்ன வந்தாலும் முழு உடம்பும் புறப்பட்டாக வேண்டும். தென் மும்பைக்குள் ஆட்டோ ஓட அனுமதி இல்லை. திரையைப் போர்வையில் சுற்றி டாக்சியில் மடியில் வைத்துக்கொண்டு சேவை மையத்துக்குப் போனதும், அங்கே ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி போடக் கேட்ட தொகையும் இன்னும் நினைவில் இருக்கின்றன. மாற்றாமலே திரும்பினோம். பிறகு தாராவியில் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி வீட்டுக்கே வந்து செய்துகொடுத்தார். கட்டிலில் மெத்தை விரிப்பின் மேல் திரையைக் கவிழ்த்துப் போட்டு, காலாவதியான ஏடிஎம் அட்டையின் விளிம்பை இடுக்கில் நுழைத்து, கொக்கி கொக்கியாக விடுவித்தார். ஒவ்வொரு கொக்கிக்கும் ஒரு ‘டக்’. ஒவ்வொரு ‘டக்’குக்கும் எனக்கு வயிற்றில் ஒரு திடுக்கிடல். வலது கீழ்மூலையில் ஒரு கொக்கி உடைந்தது. அந்த இடத்தில் கடைசிவரை நகக்கண் அளவு பிளவு இருந்தது. உள்ளே மின்விசிறியின் இதழ்களில் சாம்பல் நிறத் தூசி கம்பளி போலப் படிந்திருந்தது. செம்பூரில் தெருவுக்கு ஒரு பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டுகிறார்கள். வருகிற தூசிக்குக் குறைவே இல்லை. கேபினெட்டை நான் மாதம் ஒருமுறை பால்கனியில் வைத்து ஊதிவிடுவேன். இதை யார் மாதாமாதம் ஏடிஎம் அட்டையோடு திறப்பது?

எஸ்எஸ்டி போட்ட பிறகு வேகம் வந்தது. அதற்குமுன் நிமிடத்துக்கு 5400 சுழற்சி ஹார்ட் டிஸ்க்கில் அத்தை பொத்தானை அழுத்திவிட்டுக் காபி போட்டு எடுத்துக்கொண்டு வருவார்.

அடுத்து விண்டோஸ் 11. இன்டெல் பிராசசர்களில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ளவற்றுக்கு, மிகச் சில விதிவிலக்குகள் தவிர, அதில் இடமில்லை. என் டெஸ்க்டாப் எட்டாம் தலைமுறை. கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில், பிடிடி என்ற பாதுகாப்பு வசதிக்கான ஒரு வரியை இயக்கியதும் ஏற்றுக்கொண்டது. ஆல்-இன்-ஒன் ஏழாம் தலைமுறை; மறுத்துவிட்டது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. என் டெஸ்க்டாப்பே மறுக்கப்பட்டிருந்தால் மதர்போர்டு, பிராசசர், ராம் மூன்றையும் மாற்றிவிட்டு, மானிட்டரையும் கேபினெட்டையும் அப்படியே வைத்துக்கொண்டிருப்பேன். ஆல்-இன்-ஒன்னில் அதற்கு வழியில்லை. நல்ல கதவில் நாட்காட்டியைச் செதுக்கி வைத்த மாதிரி: ஆண்டு முடிந்தால் கதவையே கழற்ற வேண்டும்.

நாங்கள் முடிவெடுப்பதற்குள் அதன் மதர்போர்டே போய்விட்டது. அந்த மாடலுக்கான போர்டு எங்கும் கிடைக்கவில்லை. திரையில் ஒரு கீறல்கூட இல்லை. தாராவித் தம்பி மறுபடி வந்து திறந்து பார்த்தார். “அக்கா, பேனல் புதிது போல இருக்கிறது. தூக்கிப் போட வேண்டாம், மானிட்டராக மாற்றிவிடலாம்” என்றார். பேனலின் முதுகில் ஒட்டியிருந்த சீட்டிலுள்ள மாடல் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு போய், அதற்குப் பொருந்தும் நிரல் ஏற்றிய, பேனலை இயக்கும் ட்ரைவர் போர்டு ஒன்றோடு திரும்பினார். பேனலின் பட்டை வயர் ஒரு பக்கம், மறுபக்கம் எச்டிஎம்ஐ. படம் வந்தது, துல்லியமாகவே வந்தது. ஆனால் கேமரா, மைக், ஒலிபெருக்கி எதுவும் இல்லை. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பொத்தான் பட்டை ஒரு வயரில் பின்னால் தொங்குகிறது, அதை நாடாவால் ஒட்டி வைத்திருக்கிறோம். கைவேலை தெரிந்தவர் அருகில் இருந்தால் செய்யத்தக்கது. எல்லோருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இப்போது அந்தத் திரைக்குப் பின்னால் ஒரு மினி பிசி. உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய பெட்டி. வழக்கமான மானிட்டர்களில் பின்புறம் நான்கு திருகாணித் துளைகள் இருக்கும், வெசா என்பார்கள், அதில் தகடு வைத்து மாட்டிவிடலாம். எங்கள் திரையில் அந்தத் துளைகள் இல்லாததால் இரட்டைப் பக்க ஒட்டுநாடாதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. யுஎஸ்பி கேமராவைத் திரையின் தலையில் மாட்டியாயிற்று. வயர்கள் இரண்டு மூன்று கூடின. அத்தை முணுமுணுத்தார், பிறகு பழகிவிட்டார். இடத்தை மிச்சப்படுத்துவதுதான் ஆல்-இன்-ஒன்னின் பெரிய வாதம் என்றால், மானிட்டரின் முதுகில் மினி பிசி அந்த வாதத்தில் முக்கால் பங்கைப் பறித்துவிடுகிறது. வீடியோ எடிட்டிங், கனமான விளையாட்டு என்றால் அதுவும் போதாது, கேபினெட்தான்.

ஆல்-இன்-ஒன்னை வாங்கவே கூடாதா என்றால், வயதானவர் ஒருவர் தனியாகப் பயன்படுத்தப் போகிறார், வயர் என்றாலே அவருக்குப் பயம், ஆறேழு ஆண்டு ஓடினால் போதும் என்கிற வீட்டுக்கு வாங்கலாம். அப்படி வாங்கும்போது கடையில் ஒரு கேள்வியை அழுத்திக் கேளுங்கள். “எச்டிஎம்ஐ இருக்கிறதா” என்றால் எல்லோரும் இருக்கிறது என்பார்கள்; பெரும்பாலும் அது படத்தை வெளியே அனுப்பும் துளை. வெளியிலிருந்து படத்தை உள்வாங்கும் எச்டிஎம்ஐ-இன் இருக்கிறதா என்பதே கேள்வி. சில மாடல்களில் அது உண்டு. 2009 முதல் 2014 வரை வந்த சில ஐமேக்குகளைக்கூட வேறு மேக்குக்குத் திரையாக்க முடிந்தது. அதற்குப் பின் ஆப்பிள் அந்த வசதியை நிறுத்திவிட்டது. கடைக்காரர் தயங்கினால், மடிக்கணினி ஒன்றைக் கொண்டுபோய் அங்கேயே செருகிக் காட்டச் சொல்லுங்கள்.