கற்பனை மலைப்பாதைக்கு எந்த அளவு: 1:87-ஆ, 1:48-ஆ?

மேலே தேக்கங்காடு, நடுவில் தாதுச் சுரங்கம், அடிவாரத்தில் மரம் அறுக்கும் ஆலை என்று நானே கற்பித்துக்கொண்ட ஒரு மலை ரயிலைக் கும்பகோணத்து வீட்டின் மாடியறையில் மாதிரியாக அமைக்க முனைந்தபோது, முதலில் முடிவு செய்ய வேண்டியிருந்தது அளவைத்தான், அதாவது மாதிரி நிஜத்தைவிட எத்தனை மடங்கு சிறியது என்பதை. பரம்பிக்குளம் காட்டின் தேக்கைச் சாலக்குடிக்கு இறக்கிய கொச்சி வன ரயில் மீட்டர் கேஜ், அதாவது இரு தண்டவாளங்களுக்கிடையே 1,000 மி.மீ. இடைவெளி. என் பாதைக்கு அதைவிடக் குறுகிய 762 மில்லிமீட்டரை எடுத்துக்கொண்டேன். அதை 1:87 அளவில் 9 மி.மீ. தண்டவாளத்திலும், 1:48 அளவில் 16.5 மி.மீ. தண்டவாளத்திலும் ஓட்டலாம். பின்னதற்குக் கணக்குப்படி 15.9 மி.மீ. தான் வர வேண்டும். எச்ஓ எனப்படும் பரவலான 1:87 மாதிரி ரயில்களின் 16.5 மி.மீ. தண்டவாளம் எளிதில் கிடைப்பதால் அந்தப் பிசகை யாரும் பெரிதுபடுத்துவதில்லை.

இடம் குறைவென்றால் 9 மி.மீ. தான், அதில் வாதமே இல்லை.

ஆனாலும் நான் 1:48-ஐத் தேர்ந்தது பராமரிப்பை எண்ணித்தான். ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரமும், தை அறுவடையில் களத்திலிருந்து பறந்து வரும் வைக்கோல் தூசியும் டெல்டாவில் எந்த அறையையும் விடுவதில்லை. இன்ஜினுக்கு மின்சாரம் தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாக ஏறுவதால், மெல்லிய அழுக்குப் படலம்கூட அதை நடுவழியில் நிறுத்திவிடும். ஒரே இன்ஜினை இரண்டு அளவிலும் செய்தால் 1:48-இல் கன அளவு ஏறக்குறைய 6 மடங்காகிறது. எடையும் அதற்கேற்பக் கூடுவதால் சக்கரம் தண்டவாளத்தில் நன்றாக அழுந்தி ஓடுகிறது. அதிலும் காட்டு மரம் ஏற்றும் பாதைகளுக்கென்றே உருவான ஷே என்ற வகை நீராவி இன்ஜினில் அச்சுகள் அனைத்தும் பல்சக்கரத்தால் இயங்குபவை. மாதிரியிலும் எல்லாச் சக்கரங்களும் மின்சாரம் எடுத்தால், ஊர்ந்து செல்லும்போதும் அது திணறுவதில்லை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பருத்தித் துணியால் அவ்வப்போது துடைத்தால் போதும். உப்புத்தாள் போட்டால் பளபளப்பது உண்மைதான், ஆனால் அந்தக் கீறல்களிலேயே அடுத்த அழுக்கு குடியேறும்.

9 மி.மீ. இன்ஜினை நண்பர் வீட்டில் கோடையில் மட்டுமே ஓட்டியிருக்கிறேன் என்பதால், அடைமழைக் காலத்தில் அது எப்படி ஓடும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். மின்சாரம் நொடிப்பொழுது விட்டாலும் ஈடுகட்டும் கெப்பாசிட்டர் பொருத்திய டிசிசி (டிஜிட்டல் முறையில் கட்டுப்படுத்தும்) இன்ஜினானால் இந்த வேறுபாடு வெகுவாகக் குறையலாம்.

பெரிய அளவில் கைவேலையும் எளிது. 60 செ.மீ. குறுக்களவுள்ள தேக்கு 1:48-இல் 12.5 மி.மீ. ஆகிறது, பட்டையோடு ஒடித்த வேப்பங்கிளையே அதற்குப் பொருந்திவிடுகிறது. தண்டவாளத்துக்கிடையே ஜல்லியாகச் சலித்த ஆற்றுமணலைப் போடுவோர், எந்த அளவானாலும், முதலில் அதில் காந்தத்தை ஓட்டிக் கருமணலை நீக்கிவிட வேண்டும். இல்லையேல் அது மோட்டாரின் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.