நியூயார்க் சிட்டி டிபி கிளினிக்: நாலு மாசம் போயிட்டு வந்து எழுதுறேன்

குவீன்ஸ் பக்கம் இருக்கிற நம்மாளுங்க யாராவது டிபி டெஸ்ட் பாசிட்டிவ்னு வந்த பேப்பரை கையில வச்சிக்கிட்டு ராத்திரி தூங்காம தேடிட்டு இருந்தா, உங்களுக்காகத்தான் இது. சிட்டி ஹெல்த் டிபார்ட்மென்ட் நடத்துற செஸ்ட் கிளினிக்குக்கு தைரியமா போங்க. கைக்காசு ஆகாது, இன்சூரன்ஸ் இல்லன்னாலும் பாப்பாங்க, விசா என்ன நெலமைல இருந்தாலும் பாப்பாங்க. அஞ்சுக்கு அஞ்சு ஸ்டார்.

எனக்கு ப்ரீஸ்கூல்ல உதவி டீச்சர் வேலைக்கு டெஸ்ட் கேட்டாங்க. ஆறு வருஷம் முன்னாடி ஒரு டாக்டர்கிட்ட கையில ஊசி போட்டு பாத்தப்பவே எட்டணா காசு அளவுக்கு தடிச்சு வீங்குச்சு, அவர் உங்க ஊர்ல எல்லாருக்கும் டிபி தடுப்பூசி பிசிஜி போட்டிருப்பாங்க அதான் இப்படி காட்டுது விடுங்கன்னு சொல்லி அனுப்பிட்டார், நானும் நம்பி விட்டுட்டேன். இங்க ரத்தம் எடுத்து பாத்தாங்க. இந்த ரத்த டெஸ்ட் பிசிஜி ஊசிக்கெல்லாம் ஏமாறாது, அதுலயும் பாசிட்டிவ். எக்ஸ்ரே சுத்தம். கிருமி உள்ள தூங்குது, நோய் இல்ல, யாருக்கும் ஒட்டாது, ஆனா மாத்திரை எடுக்கலன்னா இப்படிப்பட்டவங்க நூறு பேர்ல அஞ்சுல இருந்து பத்து பேருக்கு வாழ்க்கைல என்னைக்காவது அது முழிச்சிக்கும்னு நர்ஸ் பொறுமையா சொன்னாங்க. நாள் முழுக்க மூணு வயசு புள்ளைங்கள மடில வச்சிருக்கிற வேலை, நான் ரெண்டாவது யோசனையே பண்ணல.

நாலு மாசம் தினமும் ரிஃபாம்பின்னு ஒரு டிபி மாத்திரை, வெறும் வயித்துல. மொத நாளே நர்ஸ் ஒரு ஆரஞ்சு கலர் பேப்பரை எடுத்து காட்டி, நாளைக்கு காலைல யூரின் இந்த கலர்ல போகும், பயந்து மாத்திரைய நிறுத்திடாதீங்க, காண்டாக்ட் லென்ஸ் இருந்தா கறை புடிச்சிடும், கர்ப்பத்தடை மாத்திரை வேலை செய்யாதுன்னு ஒண்ணு விடாம சொன்னாங்க. மறுநாள் பாத்தா அப்படியே ஃபேன்டா கலர். யாரும் சொல்லாம இருந்திருந்தா நான் எமர்ஜென்சிக்கு ஓடியிருப்பேன். ஒரு மாசம் மருந்து வாங்க நான் போகல, ரெண்டே நாள்ல போன் வந்துச்சு, ஏன் வரல, வாந்தி கீந்தி இருக்கா, கண்ணு மஞ்சளா இருக்கான்னு. இப்படி ஒரு கவர்மென்ட் ஆபீஸ் நம்மள தேடி வரும்னு நான் எதிர்பாக்கவே இல்ல.

இந்த தேடி வர்ற பழக்கம் எங்க இருந்து வந்துச்சுன்னு படிச்சு பாத்தேன். 1992ல இந்த ஊர்ல ஒரே வருஷத்துல 3,811 டிபி கேஸ். எச்ஐவி, வீடில்லாதவங்க பெருகுனது, அதுக்கு முன்னாடி பட்ஜெட்ல கை வச்சு நிறைய கிளினிக்கை மூடுனது, எல்லாம் சேந்துக்கிச்சு. பாதி மாத்திரையோட நிறுத்துனவங்களால மருந்துக்கே அடங்காத டிபி பரவுச்சு. அப்ப டிபி பிரிவுக்கு தலைவரா வந்தவர் டாம் ஃப்ரீடன், முப்பது வயசு சொச்சம். கேரல் ஸ்டிப்லோன்னு டிபி ஒழிப்புல பழுத்த ஒரு பெரியவர் வந்து, போன வருஷம் கண்டுபிடிச்ச அத்தனை பேர்ல எத்தனை பேரை குணமாக்குனீங்கன்னு கேட்டிருக்கார். ஃப்ரீடன்கிட்ட பதில் இல்ல. அதுக்கப்புறம்தான் மூணு மாசத்துக்கு ஒருக்கா ஒவ்வொரு நோயாளியையும் தனித்தனியா எடுத்து, இவர் என்ன ஆனார், முடிச்சாரா, எங்க போனார்னு கணக்கு கேக்குற பழக்கம் வந்துச்சு. ஆளுங்க வீட்டுக்கு, ஷெல்டருக்கு, வேலை செய்யுற எடத்துக்கே போய் கண்ணு முன்னாடி மாத்திரைய முழுங்க வச்சாங்க. ரெண்டே வருஷத்துல கேஸ் 3,000க்கு கீழ எறங்குச்சு.

பக்கத்துல நின்னு மாத்திரை குடுக்குற இந்த முறைக்கு வேர் எங்க இருக்கு தெரியுமா, நம்ம சேத்துப்பட்டுல! 1956ல மெட்ராஸ்ல ஆரம்பிச்ச ஆராய்ச்சிதான் டிபிக்காரங்கள மாசக்கணக்குல தங்க வைக்கிற சானடோரியம் ஆஸ்பத்திரில படுக்க வைக்க வேண்டாம், வீட்டுல இருந்தே மருந்து சாப்பிட்டாலும் அதே அளவுக்கு குணமாகும், வீட்டுல இருக்கிறவங்களுக்கும் அதனால ஆபத்து கூடலன்னு 1959ல உலகத்துக்கு காட்டுச்சு. வீட்டுல இருக்கிறவங்க மாத்திரைய ஒழுங்கா சாப்பிடுறாங்களான்னு யார் பாக்குறதுங்கற கேள்வியும் அங்கதான் பெருசா எழுந்துச்சு. ஃப்ரீடனும் 1996ல இந்தியாவுக்கே போய் 2002 வரைக்கும் உலக சுகாதார நிறுவனத்தோட (டபிள்யூஎச்ஓ) ஆளா அங்க டிபி திட்டத்துல வேலை பாத்தார். திரும்பி வந்து நியூயார்க் ஹெல்த் கமிஷனர் ஆனார். 2003ல பார்ல கூட சிகரெட் கூடாதுன்னு வந்தது, ஹோட்டல்ல டிரான்ஸ் ஃபேட்டுக்கு தடை, மெனுல கலோரி, எல்லாம் அவர் காலத்துல. 2009ல அமெரிக்க அரசாங்கத்தோட நோய் தடுப்பு அமைப்பான சிடிசிக்கு தலைவரா போயிட்டார். நிறைய பேருக்கு அவர் சிகரெட்டை நிறுத்துனவரா தெரியும், எனக்கு அந்த போன் காலுக்கு பின்னாடி இருக்கிறவரா தெரியுறார்.

அம்மாகிட்ட சொன்னப்ப, "பெரிய வியாதிடி, மாப்ள வீட்ல வாயத் தொறந்துடாத"ன்னாங்க. அப்புறம் மூணு நாள் கழிச்சு அவங்களே கூப்பிட்டு, பாட்டியோட தங்கச்சி தாம்பரம் சானடோரியத்துல ரெண்டு வருஷம் இருந்தாங்க, புள்ளைங்கள கேட்டுக்கு வெளிய நிக்க வச்சுதான் காட்டுனாங்கன்னு சொன்னாங்க. நாப்பது வயசுல இதை இப்பதான் கேக்குறேன். நான் தெனம் காலைல சமையல்கட்டுல நின்னு தண்ணியோட முழுங்கிட்டு வேலைக்கு போயிட்டேன்.

குறைன்னா கிளினிக் எண்ணிக்கை கம்மி, முன்னாடி இன்னும் நிறைய இருந்துச்சு. கேஸ் கொறைஞ்சதும் காசை கொறைச்சதுதான் அன்னைக்கும் வினையாச்சு, அதை மறக்கக்கூடாது. நோய் உள்ளவங்களுக்கு இப்ப வீட்டுக்கு ஆள் வர்றதுக்கு பதிலா போன்ல வீடியோல மாத்திரை முழுங்குறத பாக்குற வசதியும் இருக்கு, வேலைக்கு போறவங்களுக்கு நல்லது.

போறப்ப பழைய எக்ஸ்ரே, ஊர்ல எடுத்த ரிப்போர்ட் இருந்தா எடுத்துட்டு போங்க, வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதிக்கோங்க. இங்கிலீஷ் வராத அப்பா அம்மாவ கூட்டிட்டு போனா மொதல்லயே தமிழ்ல பேச ஆள் வேணும்னு கேளுங்க, அதுக்கும் காசு இல்ல.