1,73,400 ரூபாய் போனது: பழைய டீசல் கிராஸ்ஓவர் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

நேற்று மாலை தஞ்சாவூரில் ஒரு சர்வீஸ் சென்டரில் 1,73,400 ரூபாய் கட்டி, வாங்கி ஏழு வாரமே ஆன என் காரை மீட்டுக்கொண்டு வந்தேன். மீட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். அதற்காக என் இரண்டு வளையல்கள் இப்போது அடகுக் கடையில் இருக்கின்றன. இரவு முழுவதும் தூக்கமில்லை. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் ‘போனது போகட்டும்’ என்று விட்டுவிடுவேன், என் சுபாவம் அப்படி.

நான் நீடாமங்கலத்தை அடுத்த ஒரு கிராமத்தில் இருக்கிறேன், அரசுப் பள்ளி ஆசிரியை. அம்மாவுக்குச் சர்க்கரை நோயால் கண்ணில் பாதிப்பு, மாதம் இரண்டு முறை தஞ்சாவூருக்கு அழைத்துப் போக வேண்டும். பஸ் படியில் அவரை ஏற்றி இறக்குவது எனக்கும் முடியவில்லை, அவருக்கும் முடியவில்லை. இந்த ஆண்டு பருத்தி விற்ற பணத்தோடு ஆசிரியர் கூட்டுறவுச் சங்கக் கடனையும் சேர்த்து 6,85,000 ரூபாய்க்கு 2021 மாடல் டீசல் வண்டி ஒன்றை வாங்கினோம். நான்கு மீட்டர் நீளத்துக்குள் அடங்கும் சிறிய கிராஸ்ஓவர். இருக்கை உயரம் என்பதால் அம்மா குனியாமல் ஏறலாம், ஆற்றங்கரைச் சாலைப் பள்ளங்களில் அடிப்பாகம் தட்டாது. அந்த இரண்டு காரணங்களும் இன்றும் சரிதான். வண்டிக் கம்பெனியின் பெயரையோ விற்ற கடையின் பெயரையோ எழுதப் போவதில்லை. வழக்கு முடியும்வரை வாயைக் கட்டு என்கிறார் வீட்டுக்காரர்.

விற்றது புறவழிச்சாலையை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டு இருபது முப்பது வண்டிகளை வரிசையாக நிறுத்தியிருக்கும் பழைய கார் கடைகளில் ஒன்று. முதலாளிக்கு நாற்பது வயது இருக்கும். நெற்றியில் திருநீறு. “டீச்சருக்கு எந்த ஊர்?” என்று ஆரம்பித்து, என் சித்தப்பா நெல் வியாபாரம் செய்த காலம்வரை விசாரித்துவிட்டார். டபராவில் காபி வந்தது. பிறகு அவராகவே ஒன்று சொன்னார்: “டீச்சர், உங்களிடம் மறைக்க மாட்டேன். பின் கண்ணாடி வைப்பர் வேலை செய்யவில்லை. மோட்டார் போய்விட்டது. அதற்காக மூவாயிரம் குறைத்துக்கொள்கிறேன்.”

நான் விழுந்த இடம் இதுதான். கேட்காமலேயே குறையைச் சொல்கிறாரே, இவரைப் போல நேர்மையான மனிதர் உண்டா என்று திரும்பி வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவரும் தலையாட்டினார். மூவாயிரம் ரூபாய் குறையைச் சொல்லி 1,73,400 ரூபாய் குறையை அந்த மனிதர் காபி டபராவுக்கு அடியில் வைத்து மூடிவிட்டார்.

நாங்கள் போனபோதே இஞ்சின் சூடாக இருந்தது. “இப்போதுதான் கழுவி எடுத்து வந்தோம்” என்றார். நம்பினோம். ஓட்டிப் பார்த்தது மூன்று கிலோமீட்டர். யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்தபோது, “நாளை மறுநாள் ஆடி பிறக்கிறது டீச்சர். அதற்கு மேல் நீங்களும் வாங்க மாட்டீர்கள், நானும் கொடுக்க மாட்டேன். இன்னொரு பார்ட்டி அட்வான்ஸோடு நிற்கிறது” என்றார். அன்றே கையெழுத்து. வரும் வழியில் ஆலங்குடி குருபகவான் கோயிலில் மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி வீட்டுக்குக் கொண்டு வந்தோம்.

எங்கள் ஊரில் கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் மூட்டையை இறக்க விடமாட்டார்கள். நாங்களும் விதைநெல்லைக் கடித்துப் பார்க்காமல் வாங்க மாட்டோம். இவ்வளவு பார்க்கத் தெரிந்தவர்கள் 6,85,000 ரூபாயை ஒரு டபரா காபிக்குக் கொடுத்தோம்.

நான்காம் நாள் மீட்டர் பலகையில் மஞ்சள் விளக்கு எரிந்தது. கடைக்குப் போன் செய்தேன். “டீசல் தரம் சரியில்லை, வேறு பங்கில் போடுங்கள்.” போட்டேன். விளக்கு அணையவில்லை. “சென்சர்தான் டீச்சர், ஒன்றும் செய்யாது, ஓட்டுங்கள்.” ஓட்டினேன். பதினோராம் நாள், அம்மாவைப் பின்னால் படுக்க வைத்துக்கொண்டு போகையில், அம்மாப்பேட்டைக்கும் சாலியமங்கலத்துக்கும் நடுவில் வண்டி வேகம் இழந்து மாட்டுவண்டியாக ஊர்ந்தது. எவ்வளவு மிதித்தாலும் முப்பதைத் தாண்டவில்லை. பின்னால் நீலப் புகை. அம்மா, “கண்ணு தெரியாத எனக்கே புகை தெரிகிறது” என்றார்.

சர்வீஸ் சென்டரில் ஒரு வயதான மெக்கானிக் பொறுமையாக விளக்கினார். 2020 ஏப்ரல் முதல், பிஎஸ் 6 என்ற புகை மாசு விதிப்படி வந்த டீசல் கார்களில் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. டிபிஎஃப் என்கிறார்கள். சேர்ந்த கரியை வண்டி அவ்வப்போது ஏறத்தாழ 600 டிகிரி சூட்டில் தானே எரித்துக்கொள்ளும். அதற்கு வண்டி கால் மணி நேரமாவது நிற்காமல் ஒரே சீராக ஓட வேண்டும். நம் டெல்டாவில் அது எங்கே நடக்கும்? வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் இரண்டு கிலோமீட்டர். வெளியே கிளம்பினால் வாய்க்காலுக்கு வாய்க்கால் வளைவு, வளைவுக்கு வளைவு வேகத்தடை, எல்லாம் தாண்டினால் நீடாமங்கலம் ரயில்வே கேட். இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு அந்த கேட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கேட் மூடியதும் எல்லோரையும் போல நானும் இஞ்சினை அணைத்துவிடுவேன். எரிப்பு பாதியில் நின்றுபோகும். எரிக்கக் கூடுதலாகப் பீய்ச்சிய டீசல் எரியாமல் இறங்கி இஞ்சின் ஆயிலில் கலக்கும். ஆயில் அளவு கூடும், ஆனால் நீர்த்துப்போகும். இஞ்சினுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்வது. அதன் பேரிங்குக்கு நீர்த்த ஆயில் போதாது, தேய்ந்துவிடும். என் வண்டியில் வடிகட்டி, டர்போ இரண்டும் போயிருந்தன. ஆயில் குச்சியை உருவிக் காட்டினார், மேல் கோட்டுக்கு மேலே ஒரு விரற்கடை ஏறியிருந்தது.

“பதினோரு நாளில் நானா இவ்வளவும் செய்தேன்?” என்று கேட்டேன். வண்டியின் கணினிப் பதிவைப் படிக்கும் ஸ்கேனரைத் திருப்பிக் காட்டினார். பிழைப்பதிவுகளை அழித்த பிறகு வண்டி எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்பதை வண்டியே எழுதி வைத்திருக்கிறது, எனக்குத் தெரியாது. 211 கிலோமீட்டர். நான் வாங்கியதிலிருந்து ஓட்டியது 208. மீதி மூன்று கிலோமீட்டர், நாங்கள் ஓட்டிப் பார்த்த அந்த மூன்று கிலோமீட்டர். அதாவது நாங்கள் கடைக்குள் நுழைவதற்குச் சற்று முன்புதான் விளக்கை அணைத்திருக்கிறார்கள். இஞ்சின் ஏன் சூடாக இருந்தது என்பது அப்போதுதான் புரிந்தது.

அத்தோடு நிற்கவில்லை. வண்டி எண்ணைத் தட்டியதும் பழைய சர்வீஸ் பதிவு வந்தது: 2023இல் 71,260 கிலோமீட்டர். நான் வாங்கும்போது மீட்டரில் இருந்தது 43,910.

வடிகட்டி 92,000, டர்போ 58,500, மற்ற சுத்தம், ஆயில், கூலி 22,900. கூட்டிப் பாருங்கள், 1,73,400. நான் நூறு தடவை கூட்டிவிட்டேன், குறையவில்லை.

கடைக்குப் போனோம். முதலாளி இல்லை, குலதெய்வக் கோயிலுக்குப் போயிருக்கிறாராம். அடுத்த வாரம் போனோம், ஆடிப்பெருக்கு, கடை விடுமுறை. மூன்றாவது முறை இருந்தார். காபி வரவில்லை. “டீச்சர், ரயில்வே கேட்டில் இஞ்சினை அணைத்தீர்களா?” என்று என்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். மீட்டரைப் பற்றிக் கேட்டதற்கு, “எனக்கு வந்தபோதே அப்படித்தான் இருந்தது” என்றார். பிறகு ரசீதை எடுத்து அடியில் எறும்பு எழுத்தில் இருந்த வரியைக் காட்டினார்: ‘உள்ளது உள்ளபடி ஏற்றுக்கொண்டேன்.’ கீழே என் கையெழுத்து, பிள்ளைகளின் மதிப்பெண் அட்டையில் போடும் அதே கையெழுத்து. ஓராண்டு உத்தரவாத அட்டை ஒன்றும் கொடுத்திருந்தார்களே என்று அந்த எண்ணுக்குப் பேசினேன். இஞ்சினும் கியர்பாக்ஸும் மட்டும்தானாம். வடிகட்டி புகைக்குழாயில் சேர்த்தி, டர்போ இஞ்சினுக்கு வெளியே மாட்டியிருப்பது, இரண்டும் வராதாம். அதற்குப் பிறகு கடையில் என் எண்ணை எடுப்பதே இல்லை.

போன வாரம் எங்கள் பள்ளி சத்துணவு அமைப்பாளரின் மகன் அதே கடையில் வேறொரு வண்டி பார்த்துவிட்டு வந்தான். “நல்ல மனுஷர் டீச்சர், கேட்காமலே குறையைச் சொல்கிறார். முன் ஜன்னல் பட்டன் ஒன்று வேலை செய்யாதாம்” என்றான். எனக்கு உடம்பு ஆடிவிட்டது. தடுத்துவிட்டேன்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். மணி ஏழாகிவிட்டது, நினைவுக்கு வருவதைச் சொல்கிறேன். இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள், கையை வைத்து. சொந்தமாக ஒரு மெக்கானிக்கையும் ஸ்கேனரையும் கூட்டிப் போங்கள், விளக்கு எரியவில்லை என்பதை நம்பாமல், பதிவு அழித்தபின் ஓடிய தூரத்தைக் கேளுங்கள். ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். வண்டி எண்ணைக் கொடுத்து கம்பெனி சர்வீஸ் பதிவை வாங்கிய பிறகுதான் அட்வான்ஸ். 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி விற்பவர்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும் என்று விதி இருக்கிறது, அதைக் காட்டச் சொல்லுங்கள், நான் அப்படிக் கேட்காமல் விட்டுவிட்டேன். தினமும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டுகிறவர்களுக்கு டீசலே வேண்டாம். ஆடியைக் காட்டி அவசரப்படுத்தினால் ஆவணியில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனுப் போடலாம். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கடை எங்கே இருந்தாலும். கொடுத்த விலை ஐந்து லட்சம்வரை என்றால் கட்டணம் இல்லை, எனக்கு 200 ரூபாய். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் பதிந்துவிட்டேன்.

இன்று விடுப்பு எடுத்திருக்கிறேன். ரசீது, ஸ்கேனர் தாள், பழைய சர்வீஸ் பதிவின் நகல் எல்லாம் பையில் இருக்கின்றன. மனுப் போட ஒன்பது மணிக்குத் திருவாரூர் பஸ். வண்டி வாசலில்தான் நிற்கிறது, சாவியை எடுக்கக் கை வரவில்லை.