அகலத்திரை டிஸ்க்குகள்: பல வருடம் பார்த்த பிறகு

டிவிடி காலத்திலிருந்தே ஒரு படத்துக்குப் பட்டையோடு முழுசாகக் காட்டும் அகலத்திரைப் பதிப்பு, ஓரத்தை வெட்டித் திரையை நிரப்பும் பதிப்பு என்று இரண்டு இருந்தால் அகலத்திரைப் பதிப்பைத்தான் வாங்கி வருகிறேன். பொருளில் எனக்குப் பெரிய குறை இல்லை. அதைச் சாதாரண ஆட்களிடம் விற்ற விதத்தில்தான் குறை.

சிக்கல் எங்கே என்று ஒரு கணக்கிலேயே பிடிபடும். 1953-ல் சினிமாஸ்கோப் வந்ததிலிருந்து பெரிய படங்கள் பலவும் உயரத்தைப் போல 2.35 மடங்கு அகலம். பழைய டி.வி.யின் அகலமோ உயரத்தைப் போல 1.33 மடங்குதான். அந்தப் படத்தை முழுசாகக் காட்டினால் திரையின் உயரத்தில் 43 சதவீதம் கறுப்புப் பட்டைக்குப் போகும். திரையை நிரப்பிக் காட்டினால் படத்தின் அகலத்தில் அதே 43 சதவீதம் வெட்டுப்படும். இரண்டிலும் நஷ்டம் ஒன்றுதான். ஆனால் கறுப்புப் பட்டை கண்ணில் உறுத்தும். வெட்டுப்பட்டது கண்ணிலேயே படாது. காசு கொடுத்துப் பெரிய டி.வி. வாங்கியவரிடம் "பட்டையைப் பொறுத்துக்கொள்ளுங்கள், இயக்குநர் அப்படித்தான் எடுத்தார்" என்றால் எடுபடுமா?

என் மாமா கேட்ட முதல் கேள்வியே "என்னப்பா, மேலயும் கீழயும் மறைச்சுட்டானுங்க?" என்பதுதான். விளக்கம் எதுவும் சொல்லாமல் ஒரே படத்தின் இரண்டு பதிப்பையும் அடுத்தடுத்துப் போட்டேன். நீண்ட மேஜையின் இரு கோடியில் இரண்டு பேர் உட்கார்ந்து பேசும் காட்சி. திரை நிரம்பிய பதிப்பில் ஒருவர் பேசும்போது எதிரில் இருப்பவர் சட்டத்திலேயே இல்லை. பதில் சொல்லும் நேரத்துக்கு வெட்டி அந்தப் பக்கம் போனார்கள். இன்னொரு ஷாட்டில் படமே மெல்ல இடமிருந்து வலமாக நகர்ந்தது. கேமராமேன் செய்யாத அசைவு அது, வீடியோவுக்கு மாற்றியவர் செய்தது. தொடக்கத்தில் பெயர்கள் ஓடும்போது எழுத்து வெட்டுப்படக் கூடாதே என்று படத்தைப் பக்கவாட்டில் நெருக்கியிருந்தார்கள். குதிரையும் மனிதனும் ஒட்டகச்சிவிங்கி மாதிரி நெட்டையாகத் தெரிந்தார்கள். மாமா சிரித்துவிட்டார். அதன் பிறகும் சின்ன டி.வி.க்கு எனக்கு அந்தப் பட்டை வேண்டாம் என்றுதான் சொன்னார். 14 அங்குலத் திரையில் முகமெல்லாம் கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கினால் அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

கடைகளில் இந்த ஒப்பீட்டைக் காட்டியிருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும். ஆனால் உறையின் பின்பக்கத்தில் 2.35:1, அனமார்ஃபிக் (படத்தைப் பக்கவாட்டில் நெருக்கிப் பதிந்து, காட்டும்போது விரிக்கும் முறை) என்று பொடி எழுத்தில் போட்டார்கள். இரண்டு பதிப்புக்கும் ஒரே அட்டைப்படம், மேலே ஒரு மெல்லிய பட்டி மட்டும் வேறு. அவசரத்தில் எடுத்தால் எது கையில் வந்தது என்று வீட்டில்தான் தெரியும். சில தயாரிப்புகளில் ஒப்பீட்டுப் படம் இருந்தது, அதுவும் உள்ளே வைத்த தாளில். வாங்கின பிறகு எதற்கு விளம்பரம்?

அந்த ஒப்பீடும் எப்போதும் சரியாக இருந்ததில்லை. 1.85 விகிதப் படங்கள் பலவற்றைப் பிலிமில் உயரமாகவே எடுத்து, தியேட்டரில்தான் மேலும் கீழும் மறைப்பார்கள். அப்படிப்பட்ட படத்தின் டி.வி. பதிப்பில் பக்கவாட்டில் பெரிதாக எதுவும் போகாது. சொல்லப்போனால் மேலேயும் கீழேயும் கொஞ்சம் அதிகமாகவே தெரியும். இதைக் கவனிக்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே விளக்கப்படம் போட்டதால் அமெரிக்காவில் எம்ஜிஎம் பட நிறுவனத்தின் மீது வழக்கு வந்து, 2005-ல் சமரசத்தில் முடிந்தது. எனக்கு இன்னமும் அகலப் பதிப்புதான் பிடிக்கும், படச்சட்டத்தை அந்த மறைப்பை மனதில் வைத்துத்தான் அமைத்தார்கள் என்பதால். அதை அப்படியே சொல்லியிருக்கலாம்.

அனமார்ஃபிக் விஷயம் உண்மையிலேயே பயன்படுவது. 480 வரி டிவிடியில் 2.35 படத்தைப் பட்டையோடு சேர்த்துப் பதிந்தால் படத்துக்குக் கிடைப்பது சுமார் 270 வரி. அனமார்ஃபிக்காகப் பதிந்தால் 360-க்கு மேல். அகல டி.வி.யில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஆனால் பிளேயரின் அமைப்பில் டி.வி. வகையைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால்தான் பலன். நான் போன வீடுகளில் பாதிக்கு மேல் அதை யாரும் தொட்டதே இல்லை. எல்லோரும் ஒல்லியாகவோ குண்டாகவோ தெரிவார்கள், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

அப்புறம் 16:9 டி.வி. வந்தது, அகலம் உயரத்தைப் போல 1.78 மடங்கு. விளம்பரம் சாதிக்காததை அது சாதித்தது. 2006-ல் வந்த ப்ளூ-ரேயில் தனியாக "திரை நிரம்பிய பதிப்பு" என்ற பேச்சே இல்லாமல் போனது. ஆனால் 16:9 என்பது 1.33-க்கும் 2.35-க்கும் நடுவில் எடுத்த ஒரு சமரசம். அதனால் ஸ்கோப் படங்களுக்குப் பட்டை இன்னும் உண்டு, 1080 வரியில் படத்துக்குக் கிடைப்பது 800-ஐ ஒட்டித்தான். பட்டையை ஒழிக்க பிலிப்ஸ் 2009-ல் 21:9 டி.வி. கூடக் கொண்டுவந்தது, ஓடவில்லை. மக்கள் கண்டுபிடித்த வழி ரிமோட்டில் இருக்கும் ஜூம் பொத்தான். அழுத்தினால் இரு ஓரமும் போகும், சில டிஸ்க்குகளில் பட்டைக்குள் வரும் சப்டைட்டிலின் இரண்டாவது வரியும் சேர்ந்து போகும். போனில் இரண்டு விரலால் விரித்துப் பார்ப்பதும் இதே கதைதான்.

இப்போது வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது தலைகீழான விஷயம். பழைய டி.வி. தொடர்கள் பல 4:3-ல், அதாவது அதே 1.33 விகிதத்தில் எடுக்கப்பட்டவை. அவற்றில் சிலவற்றை மேலும் கீழும் வெட்டி, அகலத்திரைப் பதிப்பு என்று புதிதாக விற்கிறார்கள். திரை நிரம்பிவிடுவதால் யாரும் புகார் சொல்வதில்லை. தலைமுடி இல்லாத நெற்றியும், மேஜை விளிம்போடு காணாமல் போகும் கைகளும் அடிக்கடி வந்தால் சந்தேகப்படுங்கள். பழைய தொடரின் உறையில் 1.33:1 என்று இருந்தால் தயங்காமல் எடுக்கலாம். பக்கவாட்டில் வரும் பட்டை இரண்டாவது எபிசோடிலேயே மறந்துவிடும்.