கேப் போட்டு 16 வருடம்: தேய்ந்தது கேப் இல்லை, எதிர்ப்பல்

படித்தது பௌதிகம், பிழைப்பு பலகாரம். காரைக்குடியில் வீட்டு இரண்டாம் கட்டிலேயே அடுப்புப் போட்டு தேன்குழல், மனகோலம், அதிரசம், சீப்புச் சீடை செய்து விற்கிறோம். ஒவ்வொரு ஈடு எடுக்கும்போதும் ஒன்றைக் கடித்துப் பார்ப்பது என் வேலை. சீப்புச் சீடையின் பதத்தைக் கண்ணால் சொல்ல முடியாது, கடைவாயில் வைத்துத்தான் சொல்ல வேண்டும். அப்படி வருடக்கணக்காகக் கடித்த வாயில் மூன்று விதமான செராமிக் இருந்திருக்கிறது, இருக்கிறது. கேப் எப்படி உழைக்கிறது என்று எழுதுபவர்கள் நிறையப் பேர் உண்டு. கேப்புக்கு எதிரில் இருக்கும் பல் என்ன ஆகிறது என்று எழுதுபவர்கள் குறைவு. எனக்கு அடி விழுந்தது அங்கேதான்.

2009இல் வலது மேல் கடைவாய்ப்பல் ஒன்றுக்கு ரூட் கேனால் செய்து மெட்டல் செராமிக் கேப் போட்டார்கள். உள்ளே உலோகம், மேலே பல் நிறத்தில் பீங்கான். பொருத்திய அன்று ஒரு பக்கம் உயரமாக இருந்தது. நீலத் தாளைக் கடிக்கச் சொல்லி, கறை பட்ட இடங்களை டாக்டர் பர் என்ற சுழலும் முனையால் ராவிவிட்டார். ஐந்து நிமிட வேலை. வீட்டுக்கு வந்து நாக்கால் தடவினால் உப்புத்தாள் மாதிரி இருந்தது. மறுநாள் போய்ச் சொன்னேன். "நாக்குக்குப் பழகிடும்மா" என்றார்கள். பழகித்தான் போனது. ஐந்தாறு வருடம் அந்தக் கேப்பை மறந்தே போய்விட்டேன். யாராவது கேட்டிருந்தால் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பேன்.

2015 வாக்கில் கீழ்ப்பல்லில் கூச்சம் ஆரம்பித்தது. முதலில் பானைத் தண்ணீருக்கு, அப்புறம் மோருக்கு, கடைசியில் காலைக் காற்றுக்கே. கண்ணாடியில் பார்த்தால் அந்தப் பல்லின் மேடுகள் இரண்டு காணவில்லை. மேடு இருந்த இடத்தில் மஞ்சளாகச் சின்னக் குழி. எனாமல் தேய்ந்து உள்ளே இருக்கும் டென்டின் வெளியே தெரிகிறது என்று, வேறு ஊரில் காட்டிய டாக்டர் சொன்னார். டென்டின் எனாமலைவிட நாலைந்து மடங்கு மென்மை. அது வெளியே வந்துவிட்டால் குழி வேகமாக ஆழமாகும். மேலே இருந்த கேப்போ ஜம்மென்று இருந்தது!

இயல்பான தேய்மானம் எல்லோருக்கும் உண்டு. கடைவாய்ப்பல்லில் எனாமலும் எனாமலும் உரசினால் வருடத்துக்கு ஏறக்குறைய 30 மைக்ரான் போகும் என்பது பல் மருத்துவத்தில் பல காலமாகச் சொல்லப்படும் கணக்கு. தலைமுடி ஒன்றின் பருமனில் பாதிகூட இல்லை. மேடுகளில் எனாமல் இரண்டு மில்லிமீட்டருக்கு மேலே இருக்கும் என்பதால் ஆயுசுக்கும் காணும். எனக்கு ஆறு வருடத்திலேயே காணவில்லை.

பீங்கான் கடினம், பல் மென்மை, அதனால் தேய்ந்தது என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். பௌதிகம் படித்தவள் அப்படி நினைத்திருக்கக் கூடாது. படிப்பு வரை போக வேண்டாம், வீட்டு அம்மியைப் பார்த்தாலே போதும். அம்மியும் குழவியும் ஒரே கல். வருடக்கணக்கில் அரைத்து வழுவழுத்துப் போனால் மிளகாய் நசுங்கும், மசியாது. கொத்துபவரைக் கூப்பிட்டு உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்திவிட்டால் மறுபடி மை மாதிரி அரைக்கும். கல்லின் கடினம் முந்தின நாளும் மறுநாளும் ஒன்றேதான். மாறியது மேற்பரப்பு மட்டும். 2009இல் பர்ரால் ராவிவிட்டு மெருகேற்றாமல் அனுப்பியபோது என் மேல் பல்லை அவர்கள் கொத்திவிட்டிருக்கிறார்கள். கீழ்ப்பல் மிளகாய்.

கொத்திய அம்மியில் முதலில் கொஞ்சம் அரிசியை அரைத்துக் கீழே கொட்டுவோம், கல்துகள் போவதற்கு. வாயிலும் அந்தத் துகள் பிரச்சினை உண்டு. இந்தப் பழைய வகைப் பீங்கான் பெரும்பாலும் கண்ணாடி. அதற்குள்ளே லூசைட் என்ற படிகங்களைக் கலந்திருப்பார்கள், சூட்டில் விரிவது உள்ளே இருக்கும் உலோகத்தோடு ஒத்துப்போக வேண்டுமே என்பதற்காக. மேலே பூசிய கிளேஸ் என்ற பளபளப்புப் பூச்சு போய்விட்டால் கண்ணாடிப் பகுதி நுண்ணியதாகப் பெயர்ந்துகொண்டே இருக்கும். பெயர்ந்த இடம் கூர்மை. பெயர்ந்த துகள் இரண்டு பல்லுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அதுவும் அரைக்கும். எதிர்ப்பல் எனாமலை அதிகம் தேய்ப்பதில் இந்தப் பீங்கானுக்குத்தான் பெயர் கெட்டிருக்கிறது. 2017இல் சீடை ஒன்றைக் கடித்தபோது ஓரமாக ஒரு சில்லு பெயர்ந்து உள்ளே இருந்த உலோகம் தெரிந்தது. சீடையையும் சேர்த்துத் துப்பினேன். அந்த ஈடு நன்றாகத்தான் இருந்தது.

அந்த வருடம் இப்போதைய டாக்டரிடம் வந்தேன். என் மகள் வயதிருக்கும். மேலே முழு சிர்கோனியா கேப் (உலோகம் இல்லாத, மிகக் கடினமான வெள்ளைச் செராமிக்), கீழே தேய்ந்த பல்லுக்குப் பல் நிற கம்போசிட் வைத்து மேடு கட்டலாம் என்றார். சிர்கோனியா எனாமலைவிட மூன்று நான்கு மடங்கு கடினம் என்று படித்துவிட்டுப் போயிருந்தேன். "ஏற்கெனவே அரைபட்டது போதாதா டாக்டர்?" என்றேன். சிரித்தார். "அக்கா, கடினம்தான். ஆனா இது நெருக்கமான சின்னச் சின்னத் துகளால ஆனது, லேசுல பெயராது. அதனால மெருகு போட்டா மெருகு நிக்கும். மெருகு நின்னா எதிர்ப்பல்லுக்கு ஒண்ணும் ஆகாது." லேபுக்குத் தனியாகக் குறிப்பு எழுதினார்: கடிக்கும் பரப்பில் கிளேஸ் வேண்டாம், மெருகு மட்டும்.

இது எனக்குப் புதிது. கிளேஸ் பளபளப்பாகத்தானே இருக்கும், அது எதற்கு வேண்டாம்? இந்த ஊரில் பழைய வீட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குச் சுலபமாகப் புரியும். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசி, கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய பளபளப்பு சுவரின் உடம்பிலேயே இருக்கிறது. பெயின்ட் அடித்த சுவரின் பளபளப்பு மேலே ஒட்டியிருக்கிறது, உரிந்தால் அடியில் சொரசொரப்பு. கிளேஸ் என்பது மெல்லிய கண்ணாடிப் பூச்சு. கடிக்கும் இடத்தில் அது சில மாதத்திலிருந்து ஓரிரு வருடத்துக்குள் தேய்ந்துவிடும். அடியில் மெருகேற்றாத சிர்கோனியா இருந்தால் அப்போதிலிருந்து அது அரம். சிர்கோனியா போட்டு எதிர்ப்பல் போய்விட்டது என்று புலம்புபவர்களில் பலருக்கு இதுதான் நடந்திருக்கும் என்பது என் ஊகம்.

பொருத்திய அன்றும் கொஞ்சம் உயரம் இருந்தது. ராவினார். ஆனால் ராவி முடித்ததும் ரப்பர் முனைகளை ஒன்றன் பின் ஒன்றாக மாற்றி, கடைசியில் வைரத்தூள் பசை வைத்து, இருபது நிமிடம் மெருகேற்றினார். வெளியே காத்திருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். நான் நாக்கால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் நாற்காலியை விட்டு இறங்கினேன்.

அன்றைக்கும் 2022இலும் எடுத்த பல் அச்சுகள் இரண்டும் என் அலமாரியில் இருக்கின்றன. மேல் கடைவாய்ப்பல் கீழே ஒரே பல்லோடு கடிப்பதில்லை. பின்பக்கம் கொஞ்சம் அடுத்த பல்லையும் தொடும். அந்த அடுத்த பல் என் சொந்தப் பல், எனாமல். பழைய கேப் அதில் ஒரு தட்டையான தடம் போட்டு வைத்திருந்தது. ஐந்து வருட இடைவெளியில் எடுத்த இரண்டு அச்சையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தத் தடம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வளரவில்லை. கண்ணால் பார்ப்பது அளவீடு ஆகாது, தெரியும். ஆனால் கூச்சமும் இல்லை.

கம்போசிட் கதை வேறு. அது எதிராளியை ஒன்றும் செய்யாது, தானே கரையும். பிசினுக்குள் கண்ணாடித் துகள்; பிசின் தேயத் தேயத் துகள் உதிரும். இரண்டே முக்கால் வருடத்தில் நடுவில் பள்ளம் விழுந்து, சுற்றி மிச்சமிருந்த எனாமல் வரப்பு மாதிரி நின்றது. சாதாரணச் சாப்பாடு சாப்பிடுபவருக்கு இன்னும் நாள் தாங்கும். என் மாதிரி நாளெல்லாம் நொறுக்குபவருக்கு, அதுவும் எதிரில் செராமிக் இருந்தால், முழுக் கடைவாய்க்குக் கம்போசிட்டை நான் சொல்ல மாட்டேன். 2020 கடைசியில் கீழேயும் சிர்கோனியா போட்டாயிற்று. இப்போது வலது பக்கம் சிர்கோனியாவும் சிர்கோனியாவும். தேய்மானத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வாயை வேகமாக மூடினால் 'டக்' என்று ஒரு சத்தம், இரண்டு சோழி மோதுகிற மாதிரி. முதல் மாதம் எரிச்சலாக இருந்தது. பல் கொடுக்கிற லேசான விட்டுக்கொடுப்பு இதில் இல்லை. இன்னொன்று, பின்னால் உள்ளே ஏதாவது பிரச்சினை என்றால் இதைத் துளைப்பதும் கழற்றுவதும் பெரிய பாடு.

இடது மேலே 2018இல் லித்தியம் டைசிலிகேட் என்ற கண்ணாடி வகைச் செராமிக் கேப் ஒன்று, எதிரில் சொந்தப் பல். பார்வைக்கு மூன்றிலும் இதுதான் அசல் பல். ஏழு வருடத்தில் ஒருமுறை மட்டும் மங்கிய இடத்தை டாக்டர் மறுபடி மெருகேற்றினார். வேறு சொல்ல ஏதுமில்லை.

எல்லாவற்றையும் தோற்கடித்த ஒன்று எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. என் மாமனார் இளவயதில் பினாங்கில் கடையில் இருந்தபோது கட்டிய தங்கப்பல். ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. எதிர்ப்பல்லில் மேடுகள் இன்னும் மேடாகவே இருக்கின்றன. தங்கக் கலவை எனாமலைவிட மென்மை. கடித்தால் தானும் கொஞ்சம் தேய்ந்து, கொஞ்சம் அமுங்கி, எதிரில் இருப்பதோடு சேர்ந்து போகும். டாக்டரே அதைப் பார்த்துவிட்டு, "ஐயா, இதை யாரும் கை வைக்க விடாதீங்க" என்றார். இன்றைய பவுன் விலையில் யார் கட்டுவது? கட்டினாலும் சிரித்தால் தெரியும் என்று பிள்ளைகள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

பொருளை மட்டும் குறை சொல்லிவிட முடியாது, என் பங்கும் இருக்கிறது. தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறேன் என்று 2017 வரை எனக்கே தெரியாது. சாப்பிடும்போது நடுவில் உணவும் எச்சிலும் இருக்கும்; இரவில் பல்லும் பல்லும் நேராக உரசும். இரவில் பல்லில் மாட்டிக்கொள்ளும் உறையான நைட் கார்டை மெத்தென்ற வகையில் வாங்கினேன், நான்கு மாதத்தில் மென்று துளை போட்டுவிட்டேன். அப்புறம் கடினமான அக்ரிலிக். அதில் இப்போது தெளிவான பள்ளங்கள். போகட்டுமே, அது பல்லுக்குப் பதில் தேய்கிறது. ரத்த அழுத்த மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து வாய் வறள்கிறது. எச்சில் குறைந்தால் உராய்வு கூடும், புளிப்பை அலசவும் ஆள் இல்லை. புளிக்குழம்பு சாப்பிட்ட கையோடு பல் துலக்குவதை நிறுத்திவிட்டேன். அமிலம் பட்டு இளகிய எனாமலை பிரஷ் சுலபமாக வாரிவிடும். கூச்சத்துக்கு என்று அக்கம்பக்கத்தில் சொன்ன உமிக்கரியைக் கொஞ்ச நாள் தேய்த்தேன். உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. கூச்சத்துக்கு அதைத் தேய்த்த பௌதிகப் பட்டதாரி நான்தான்.

கேப் உள்ளவர்கள் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டியது இன்னொன்று. ஃபுளோரைடு ஜெல்லில் அமிலம் சேர்த்த வகை உண்டு. அது பீங்கானின் மெருகை அரித்துச் சொரசொரப்பாக்கிவிடும். வாயில் செராமிக் இருக்கிறது என்று சொன்னால் அமிலம் இல்லாத வகையை வைப்பார்கள். என் மகளுக்கு ஜெல் வைத்த இடத்தில் தானாக யாரும் கேட்கவில்லை, நாம்தான் சொல்ல வேண்டியிருந்தது.

பணக் கணக்கைப் பார்த்தால், 2009இல் ஒரு கேப்போடு முடிந்திருக்க வேண்டியது மேலும் இரண்டு கேப், ஒரு கம்போசிட், இரண்டு நைட் கார்டு என்று நீண்டது. பெரும்பகுதி அந்த மெருகேற்றாத இருபது நிமிடத்தின் செலவு.

போன மாதம் ஆறுமாதப் பரிசோதனை. மேல் சிர்கோனியாவில் பின்பக்கம், சொந்தப் பல்லைத் தொடும் இடத்தில், மிளகளவு மங்கல் விழுந்திருக்கிறது. நாக்குக்குத் தெரியவில்லை, டாக்டர் காற்றடித்து உலர்த்தி விளக்கில் காட்டியபோதுதான் தெரிந்தது. தீபாவளி ஆர்டர் முடிந்து வருகிறேன் என்றேன். "ஆர்டருக்கு முன்னாடி வாங்கக்கா, அந்த மாசம்தானே நீங்க அதிகம் கடிப்பீங்க" என்றார். வருகிற வியாழன் போகிறேன்.