மாலை ஃபிட்னஸ் வகுப்பு: சின்னவளுக்கு ஐந்து ஸ்டார், பெரியவனுக்கு மூன்று

எங்கள் வீட்டில் இரண்டு பேர் போகிறார்கள். மகள் நாலாம் வகுப்பு, மகன் ஒன்பதாம் வகுப்பு. அண்ணா நகர் டவர் பார்க்குக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மாடி ஹால், வாரம் மூன்று நாள், மாலை 5.30 முதல் 6.30 வரை. ஆளுக்கு மாதம் 1,800 ரூபாய், மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கட்ட வேண்டும். இது மூன்றாவது வருடம்.

சின்னவர்கள் பேட்ச் அருமை. நொண்டி, கோகோ, டயர் மேல் ஏறித் தாவுவது என்று ஒரு மணி நேரம் ஓடிவிடும். தாவி இறங்கும்போது மட்டும் மாஸ்டர் விடமாட்டார். "சத்தம் கேட்டுச்சுன்னா திரும்ப ஏறு, பூனை மாதிரி இறங்கணும்" என்பார். முட்டியை மடக்கி, முன்பாதத்தில் இறங்கி உடம்பைத் தாங்கும் பழக்கம் அப்படித்தான் வந்தது. இப்போது வீட்டுப் படிக்கட்டிலும் அதே தாவல்தான், அது வேறு கதை.

பெரியவன் விஷயம்தான் சிக்கல். பத்து வயதுப் பையனையும் பதினைந்து வயதுப் பையனையும் ஒரே பேட்சில் போட்டிருந்தார்கள். ஒரே வருடத்தில் பேன்ட் எல்லாம் குட்டையாகிப் போன சமயம், குதிகால் வலி என்று நொண்ட ஆரம்பித்தான். அப்போதிருந்த பயிற்சியாளர் "வலிச்சாத்தான் உடம்பு ஏறும்" என்று இன்னும் குதிக்க வைத்தார். எலும்பு டாக்டரிடம் போனோம். வளரும் வயதில் குதிகால் எலும்பின் வளர்ச்சிப் பகுதியைக் கெண்டைக்கால் தசைநார் இழுப்பதால் வருவது, ஓடிக் குதிக்கிற பிள்ளைகளுக்குச் சகஜம் என்றார். கொஞ்ச நாள் குதிப்பதைக் குறைத்து, ஷூவில் குதிகால் பேட் வைத்து, கெண்டைக்காலை நீட்டி மடக்கும் பயிற்சி செய்ததில் சரியாகிவிட்டது.

பெற்றோர் நாலைந்து பேர் சேர்ந்து கேட்ட பிறகு, பன்னிரண்டு வயதுக்கு மேல் தனி பேட்ச் போட்டார்கள், மாஸ்டரும் மாறினார். இவர் சின்ன டம்பெல் கொடுக்கிறார். மாமியார் "வளர்ற பிள்ளைக்கு எதுக்கும்மா வெயிட்டு, குட்டையாயிடுவான்" என்று ஒரு வாரம் முணுமுணுத்தார். பக்கத்தில் ஆள் நின்று, முறையாக, குறைந்த எடையில் செய்தால் வளர்த்தி நிற்காது. எடையைக் கூட்டும் முன் முதுகு நேராக இருக்கிறதா என்று இவர் பார்க்கிறார், அது போதும் எனக்கு.

இன்னொன்று, ஒரு மணி நேர வகுப்பு என்றால் பிள்ளை ஒரு மணி நேரமும் அசைகிறது என்று அர்த்தமில்லை. கூட்டமான பேட்சில் பாதி நேரம் வரிசையில் நிற்பதிலேயே போகும். டிரையல் வகுப்பில் இதை மட்டும் உட்கார்ந்து பாருங்கள், கண்ணாடி, ஏசி எல்லாம் அப்புறம். 5 முதல் 17 வயது வரை சராசரியாக தினமும் 60 நிமிடம், அதில் வாரம் 3 நாளாவது எலும்பும் தசையும் வலுவாகும் பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஆக, வகுப்பு இல்லாத நாளில் சைக்கிளோ கீழ் வீட்டுப் பிள்ளைகளோடு ஆட்டமோ இருந்தே ஆக வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதி வகுப்பு போய்விடும், பணம் திரும்பாது. மே மாதம் காலை ஆறு மணிக்கு மாற்றிவிடுகிறார்கள், அது நல்ல ஏற்பாடு. ஸ்கூல் வேனில் இறங்கியதும் ஒரு வாழைப்பழம், இரண்டு கடலை உருண்டை போதும். தோசை சாப்பிட்டுவிட்டுப் போனால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பி வருவார்கள்.

குறிப்பிட்ட விளையாட்டில் ஆசை உள்ள பிள்ளையை இதில் போட வேண்டாம். ஜிம்னாஸ்டிக்ஸ், நீச்சல் என்றால் வேளச்சேரியில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் வளாகம் இருக்கிறது. மாலை டிராஃபிக்கில் அண்ணா நகரிலிருந்து அங்கே போய்வர எங்களால் முடியாது. பெரியவன் இப்போது சிலம்பம் கேட்கிறான். 2024 ஜனவரியில் இங்கே நடந்த கேலோ இந்தியா போட்டிகளில் சிலம்பம் பார்த்ததிலிருந்து அந்த ஆசை. அடுத்த மூன்று மாதக் கட்டணத்தைச் சின்னவளுக்கு மட்டும் கட்டியிருக்கிறேன்.