பாவத்தை மன்னிப்பது யார்: போதகரின் அறிவிப்பும் சுவாமியின் விடுவிப்பும்

எங்கள் குடும்பம் இப்போது இரண்டு சபையில் இருக்கிறது. அண்ணா யாழ்ப்பாணத்து மானிப்பாயில், அப்பப்பா காலத்திலிருந்து நாங்கள் போய் வந்த தென்னிந்தியத் திருச்சபை என்ற புரட்டஸ்தாந்து சபையில். நான் 2012இல் கத்தோலிக்கனானேன். மனைவி இளவாலைக் கத்தோலிக்கர் என்பதால் கலியாணத்துக்காக மாறினேன் என்று ஊரில் சொல்வார்கள். கலியாணம் நடந்தது 2008இல். அதற்குப் பிறகும் நாலு வருஷம் நான் பழைய சபையில்தான் இருந்தேன். மாறியதற்குக் காரணம் பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் தனியாகப் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது. அண்ணாவோடு இதைப் பற்றிப் பலமுறை கதைத்தாயிற்று. இரண்டு பக்கத்திலும் வாழ்ந்து பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பது தெரிந்ததுதான்.

வசனங்களைச் சுருக்கமாகவே சொல்கிறேன். கத்தோலிக்கர் யோவான் 20:23ஐக் காட்டுவார்கள்: உயிர்த்த இயேசு சீடர்கள்மேல் ஊதி, நீங்கள் யாருடைய பாவத்தை மன்னிப்பீர்களோ அது மன்னிக்கப்படும் என்கிறார். மற்றப் பக்கத்தில் 1 யோவான் 1:9, பாவத்தை அறிக்கையிட்டால் மன்னிக்க அவர் உண்மையுள்ளவர். 1 தீமோத்தேயு 2:5, கடவுளுக்கும் மனிதருக்கும் இடையில் மத்தியஸ்தர் ஒருவரே. மாற்கு 2இல் கூரையைப் பிரித்து இறக்கிய திமிர்வாதக்காரனின் கதையை இரண்டு பேருமே எடுப்பார்கள். கடவுள் ஒருவரைத் தவிர யார் மன்னிக்க முடியும் என்று அங்கே கேட்டவர்கள் வேதபாரகர். அந்தக் கேள்வியே தவறு என்று எந்தச் சபையும் சொல்வதில்லை. மன்னிப்பு கடவுளுடையது என்பதில் சண்டை இல்லை. அதை யார் வாயால் தருகிறார் என்பதில்தான் சண்டை.

அண்ணாவின் கோவிலில் ஆராதனைத் தொடக்கத்தில் எல்லோரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்வார்கள். பிறகு போதகர், மனந்திரும்புகிறவர்களைக் கடவுள் மன்னிக்கிறார் என்று அறிவிப்பார். இளவாலைக் கோவிலில் நான் தனி ஆளாக, சுவாமி என்று நாங்கள் சொல்லும் கத்தோலிக்கக் குரு முன் முழந்தாளிட்டு, செய்ததை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முடிவில் சுவாமி, தந்தை மகன் தூய ஆவியின் பெயரால் நான் உன்னை விடுவிக்கிறேன் என்பார். அந்த ‘நான்’ அண்ணாவுக்குப் பொறுக்காது. அங்கே பேசுவது கிறிஸ்து, குரு அவருடைய வாய் மட்டும் என்று கத்தோலிக்கர் சொல்வார்கள். ஆனால் 1551இல் திரெந்துச் சங்கம் என்ற கத்தோலிக்க ஆயர்களின் மாநாடு அதை வெறும் அறிவிப்பு அல்ல, ஒரு நீதிபதி தீர்ப்புச் சொல்வதைப் போன்ற செயல் என்றே வரையறுத்தது. ஆகவே வித்தியாசம் உண்மையானது. பூசி மெழுகத் தேவையில்லை.

அதற்காக இதைக் கத்தோலிக்கர் ஒரு பக்கம், மற்றவர் எல்லோரும் மறுபக்கம் என்று பிரித்துவிடவும் முடியாது. லூத்தரன் சபையாரின் 1530ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை, தனிப் பாவமன்னிப்பைக் கைவிடக்கூடாது என்று சொல்கிறது. எல்லாப் பாவத்தையும் எண்ணி ஒப்புவிக்கும் கட்டாயத்தைத்தான் அது நீக்கியது. ஆங்கிலிக்கன் சபையின் 1662 செபப் புத்தகத்தில் நோயாளியைச் சந்திக்கும் முறைமையில், தனக்குக் கொடுக்கப்பட்ட அதிகாரத்தால் ‘நான் உன்னை விடுவிக்கிறேன்’ என்று குரு சொல்கிறார். அதே ‘நான்’. ஜோன் வெஸ்லி 1738இல் சின்னச் சின்னக் குழுக்களுக்கு எழுதிய விதிகளில், போன கூட்டத்துக்குப் பிறகு தெரிந்து செய்த பாவம் என்ன என்று ஆளுக்காள் கேட்கச் சொன்னார். அவருடைய வழிவந்த மெதடிஸ்த மிஷனரிகள் 1814இலேயே யாழ்ப்பாணம் வந்தார்கள். எங்களை உருவாக்கிய அமெரிக்க மிஷன் 1816இல் வந்தது. நான் வளர்ந்த காலத்தில் எங்கள் பக்கத்தில் அப்படி ஒருவர் ஒருவரைக் கேட்கும் பழக்கத்தை நான் காணவில்லை. ஆராதனையில் வாசிக்கும் அந்த ஒரு பந்திதான் இருந்தது.

அண்ணாவின் பக்கத்துக்கு இருக்கும் பலமான ஆதாரம் எங்கள் மண்ணிலேயே இருக்கிறது. 1658இல் புரட்டஸ்தாந்தரான ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்துக் கத்தோலிக்கக் குருமாரைத் துரத்தினார்கள். கத்தோலிக்கக் குருவான யோசேப் வாஸ் முனிவர் கூலியாள் வேஷத்தில் வந்து சேர்ந்தது 1687இல். பிறகு அவர் சில்லாலையில் தங்கினார். இளவாலையிலிருந்து கூப்பிடு தூரம்தான். இடையில் 29 வருஷம். அவ்வளவு காலமும் செத்த கத்தோலிக்கரின் பாவம் என்னவாயிற்று என்று அண்ணா கேட்பார். உத்தம மனஸ்தாபம் என்பதே பதில். கடவுள்மேல் உள்ள அன்பினால், வாய்ப்புக் கிடைத்தால் பாவசங்கீர்த்தனம் செய்வேன் என்ற எண்ணத்தோடு மனம் வருந்தினால் அங்கேயே மன்னிப்பு உண்டு என்று அதே திரெந்துச் சங்கம் சொல்கிறது. “அப்ப, சுவாமி இல்லாமலும் நடக்குந்தானே?” என்பார் அண்ணா. நடக்கும். அதை நான் மறுக்கவில்லை.

சரி, பிறகு ஏன் மாறினேன்? என் விஷயத்தில் அது நடக்கவில்லை.

1995 ஒக்டோபர் 30 இரவு, போர் நெருங்கியதால், எங்கள் பகுதியான வலிகாமமே எழுந்து கிழக்கே தென்மராட்சிக்கு நடந்தது. எங்களிடம் லான்ட்மாஸ்டர் என்ற சின்ன உழவு இயந்திரம் இருந்தது. பக்கத்து வளவு ஐயா தன் தண்ணீர் இறைக்கிற மிஷினை அதில் ஏற்றிவிட்டு, “தம்பி, கவனமாப் பாத்துக்கொள்” என்று சொல்லிவிட்டுக் குடும்பத்தோடு சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். தோட்டக்காரனுக்கு மிஷின் என்றால் என்னவென்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும். கொடிகாமத்தில் நான் அதை விற்றேன். அடுத்த வருஷம் ஊர் திரும்பியதும், வழியில் தவறிவிட்டது என்று அவரிடம் சொன்னேன். அவர் நம்பினார். அந்தப் போகம் வாளியால் அள்ளித்தான் வெங்காயத்துக்குத் தண்ணீர் விட்டார்.

அதற்குப் பிறகு 16 வருஷம் நான் மன்னிப்புக் கேட்டேன். உண்மையாகத்தான் கேட்டேன், அழுதும் கேட்டேன். 1 யோவான் 1:9ஐ நம்பினேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் நானே குற்றவாளி, நானே சாட்சி, கடைசியில் தீர்ப்பை வாசிப்பவனும் நானே. மன்னித்தாயிற்று என்று சொல்லிக்கொண்டு எழும்புவேன். அடுத்த கிழமை அதே இடத்தில் அதே மிஷின் நிற்கும்.

கத்தோலிக்கத்தில் சேரமுன் முதல் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். செய்தேன். மிஷின் கதையை நான் ஒரே வசனத்தில் சொல்லிக் கடந்துபோகப் பார்த்தேன். சுவாமி நிறுத்தினார். “காசைக் குடுத்திட்டீங்களோ?”

16 வருஷத்தில் அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்பதற்கு யாருக்கும் தெரியாது. நான் சொன்னது கடவுளுக்கு மட்டும். நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று நான் சொன்ன பிறகுதான் அவர் கையை உயர்த்தி விடுவித்தார். கத்தோலிக்கத் திருச்சபையின் 1992 மறைக்கல்வி ஏடும் இதைத்தான் சொல்கிறது: பாவமன்னிப்புப் பாவத்தை நீக்கும், பாவம் செய்த சேதத்தைச் சரிசெய்யாது, களவெடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

போனேன். ஐயா செத்து மூன்று வருஷம். அவருடைய மனைவி காசை எண்ணாமல் மடியில் வைத்துக்கொண்டு, “உந்த மிஷினை எங்கை விட்டிருப்பான் பொடியன் எண்டு அவர் கடைசி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவர்” என்றார். அவர் தன் பங்குக்கு மன்னித்தார். ஆனால் ஐயாவின் மன்னிப்பை யார் தருவது? சகோதரனோடு ஒப்புரவாகிவிட்டுக் காணிக்கையைச் செலுத்து என்று மத்தேயு 5இல் இருப்பதை இரண்டு சபையும் வாசிக்கிறது. சகோதரன் மண்ணுக்குள் போன பிறகு, அவருக்கும் சேர்த்துப் பேசக்கூடிய அதிகாரம் எங்காவது இருக்க வேண்டும் என்று அன்றைக்கு எனக்குப் பட்டது. இந்த ஒன்றுதான் எனக்குத் தராசைச் சாய்த்தது.

அண்ணா சொல்வது: “உன்னை எப்பவோ மன்னிச்சாச்சு. நீ காசு குடுத்தது அதின்ர கனி.” இருக்கலாம். 16 வருஷம் அந்தக் கனி பழுக்கவில்லை என்பதே என் பதில். ஒரு நல்ல போதகரிடம் போயிருந்தால் அவரும் இதைக் கேட்டிருப்பார் என்று அவர் சொல்வதும் நியாயம். உங்கள் பாவங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுங்கள் என்று யாக்கோபு 5:16 சொல்கிறது. ஆனால் போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, நானும் போகவில்லை. கத்தோலிக்கத்தில் 1215 முதல் வருஷத்துக்கு ஒரு தடவையாவது போக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. என்னைப் போன்றவனுக்கு அந்தக் கட்டாயம் தேவைப்பட்டது.

பெந்தெகொஸ்தே சபைகளுக்கு நாலைந்து தடவைதான் போயிருக்கிறேன். மேடைக்கு முன்னால் போய் அழுது மன்னிப்புப் பெற்றவர்களைக் கண்டேன். அதை எடைபோட அந்த நாலைந்து தடவை காணாது. பாவசங்கீர்த்தனத்திலும் எல்லாம் நன்றாக நடப்பதில்லை. ஒரு பெருநாளுக்கு முதல்நாள், வரிசை நீண்டிருந்ததால் நான் சொல்லி முடிக்கமுன்னரே ஒரு சுவாமி விடுவித்து அனுப்பினார். மன்னிப்புச் செல்லும் என்றுதான் திருச்சபை சொல்லும். எனக்கு அன்று மனம் ஆறவில்லை. இந்த அதிகாரத்தை வைத்துப் பலவீனமானவர்களைக் காயப்படுத்திய குருமாரும் உலகில் இருந்திருக்கிறார்கள். அதைக் காரணமாகச் சொல்லி ஒருவர் கிட்டப்போக மறுத்தால் அவரோடு நான் வாதாட மாட்டேன்.

போக நினைக்கிறவர்களுக்கு ஒன்று. உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய தபசு காலத்தின் கடைசிக் கிழமையில், வரிசையில் போய் நிற்காதீர்கள். சாதாரண நாளில், பூசைக்கு அரை மணித்தியாலம் முன்னர் போங்கள். சொந்தப் பங்குச் சுவாமியிடம் சொல்ல வெட்கமாக இருந்தால் வேறு பங்குக்குப் போகலாம். கேட்டதை வெளியே விட்டால் அந்தக் குருவே திருச்சபைக்கு வெளியே தள்ளப்படுவார். போகமுன், யாருக்காவது ஏதாவது திருப்பிக் கொடுக்க இருக்கிறதா என்று யோசித்துவிட்டுப் போங்கள். அந்த ஆள் உயிரோடு இருந்தால், அங்கே முதலில் போங்கள்.